மண்ணுக்கும் செமஸ்டர் உண்டு!

சுவிட்சர்லாந்துக்காரங்க ரொம்ப டீசன்ட் பார்ட்டிங்க. வாட்ச், சாக்லேட், பேங்க்னு எதை எடுத்தாலும் ஒரு நேர்த்தி. அப்படிப்பட்ட ஊர்ல 2021-ம் வருஷம் ஜனங்க தோட்டத்துலயும் வயல்லயும் குழி தோண்டி என்ன புதைச்சாங்க தெரியுமா? ஜட்டி!

ஜோக் இல்லை பாஸ். அந்த நாட்டு அரசின் விவசாய ஆராய்ச்சி நிறுவனமான அக்ரோஸ்கோப்பும், சூரிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தின ஆராய்ச்சி அது. பேர் கொடுத்தவங்களுக்கு சுத்தமான காட்டன்ல செய்த வெள்ளை ஜட்டி ரெண்டு வீட்டுக்கே வந்தது. அதை மண்ணுல புதைக்கணும். ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ரெண்டு மாசம் கழிச்சு இன்னொண்ணு தோண்டி எடுத்து போட்டோ பிடிச்சு அனுப்பணும். வெறும் எலாஸ்டிக் மட்டும் கையில வந்தா உங்க மண்ணு செம ஆரோக்கியம். புதைச்சபடியே பளிச்சுனு வந்தா, ஸாரி, மண்ணு ஐ.சி.யூ-வில இருக்கு!

காரணம் சிம்பிள். காட்டன்ங்கறது செல்லுலோஸ். மண்ணுல இருக்கற பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் அது புரோட்டா சால்னா மாதிரி. ஆளு இருந்தா இலை காலியாகும். ஆளே இல்லைன்னா அப்படியே கிடக்கும். கோடி ரூபாய் மெஷின் சொல்ற விஷயத்தை ஒரு ஜட்டி சொல்லிடுது.

சரி, அந்த 'ஆளு' எத்தனை பேர்? ஒரு கிராம் மண்ணை எடுத்துக்குங்க. கால் ஸ்பூனுக்கும் கொஞ்சம்தான் வரும். நல்ல மண்ணா இருந்தா அதுக்குள்ள பத்து கோடியில இருந்து நூறு கோடி பாக்டீரியா வரைக்கும் குடித்தனம் நடத்துது. தமிழ்நாட்டு ஜனத்தொகையே அந்த லிஸ்ட்ல ஒரு ஓரமாத்தான் வரும். கூடவே பூஞ்சை இழைகள், அமீபா, நூற்புழு, இன்னும் பேரே வைக்கப்படாத எத்தனையோ உயிர்கள். லேப்ல அகார் தட்டுல வளர்த்துப் பார்க்க முடியறது இதுல நூத்துக்கு ஒண்ணுன்னு சொல்றாங்க. மீதி எல்லாம் அட்டெண்டன்ஸே கொடுக்காத பசங்க. டி.என்.ஏ-வை நேரா மண்ணுல இருந்தே எடுத்துப் படிக்கற டெக்னிக் வந்த பிறகுதான் அவங்க கிளாஸ்ல இருக்கறதே தெரிஞ்சது.

இதுல சுவாரஸ்யமான விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கூட்டம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கறதில்லை. உங்களுக்கு மாதிரியே அதுக்கும் செமஸ்டர் உண்டு, லீவு உண்டு, எக்ஸாம் ஃபீவர் உண்டு. எந்த காலேஜ்ல சேர்ந்திருக்குங்கறதைப் பொறுத்து வாழ்க்கையும் மாறும். காடா, வயலா, தேயிலைத் தோட்டமா, உங்க கேம்பஸ் கிரவுண்டாங்கறதுதான் அங்க காலேஜ்!

முதல் மழை... முதல் வகுப்பு

சித்திரை மாசம். வயல் வெடிச்சுக் கிடக்கு. மேல கை வைச்சா சுடுது. இந்த மண்ணுல என்ன உயிர் இருக்கப்போகுதுன்னு தோணும். நிறைய இருக்கு. ஆனா எல்லாம் தூக்கத்துல. சில பாக்டீரியா கெட்டியான ஓடு போட்ட வித்தா மாறிக் கிடக்கும். சில வகை, உடம்புக்குள்ள இருக்கற தண்ணி போயிடாம இருக்க சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்த்து வைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். தாங்க முடியாதது செத்துப்போயிருக்கும்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் சடசடன்னு மழை. உடனே ஒரு வாசனை கிளம்புமே... ஹாஸ்டல் ஜன்னல்ல நின்னு கவிதை எழுத வைக்கற அந்த வாசனை. அதுக்கு 1964-ல் ஒரு பேர் வைச்சாங்க, பெட்ரிக்கோர்னு. வைச்சவங்க ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சியாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ். (உத்தரப்பிரதேசத்துல இருக்கற கன்னோஜ் ஊர்க்காரங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே சுட்ட மண்ணுல இருந்து இந்த வாசனையை அத்தராவே இறக்கி வித்துக்கிட்டு இருந்தாங்கங்கறது வேற கதை!) அந்த வாசனையில முக்கியமான ஆளு ஜியோஸ்மின்ங்கற ஒரு கெமிக்கல். அதைத் தயாரிக்கறது ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கற மண் பாக்டீரியா. ஒரு லட்சம் கோடி பங்குல சில பங்கு இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சுடும்.

நமக்குக் கவிதை வர்றதுக்காக அது மெனக்கெடலை. 2020-ல் வெளியான ஒரு ஆய்வு இதுக்கு விடை சொன்னது. இந்த வாசனைக்கு மயங்கி ஸ்பிரிங்டெயில்னு ஒரு குட்டியூண்டு பூச்சி ஓடி வருது, பாக்டீரியாவைத் தின்னுது, போகிறபோது வித்துகளை உடம்புல ஒட்டிக்கிட்டும் வயித்துல சுமந்துக்கிட்டும் அடுத்த இடத்துக்குக் கொண்டு சேர்க்குது. சுருக்கமா சொன்னா பெட்ரோல் காசு கொடுக்காம லிஃப்ட் கேட்கற டெக்னிக்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு சொன்னதும் ஒரு சீனியரோட கதையைச் சொல்லாம நகர முடியலை. 1943. அமெரிக்காவில ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். ஆல்பர்ட் ஷாட்ஸ்னு 23 வயசு பிஹெச்.டி. மாணவர். காசநோய்க் கிருமியை வளர்க்கணுங்கறதால அவருக்குக் கொடுத்த லேப் பேஸ்மென்ட்ல. அங்கதான் இந்த பாக்டீரியாவுல இருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வெளிவந்தது. காசநோயை எதிர்த்து வேலை செய்த முதல் ஆன்டிபயாடிக். 1952-ல் நோபல் பரிசு கொடுத்தாங்க... கைடு செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும்! அதுக்கு முன்னாடியே 1950-ல் ஷாட்ஸ் வழக்குப் போட்டு, 'இவரும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்தான்'னு ஒப்புக்கொள்ள வைச்சிருந்தார். ரிசர்ச் ஸ்காலர் அண்ணன்கள் பெருமூச்சு விடற சத்தம் இங்கே கேட்குது.

மழைக்கு வருவோம். காய்ஞ்ச மண்ணுல தண்ணி பட்ட சில நிமிஷத்துலயே கார்பன் டை ஆக்ஸைடு குபுகுபுன்னு வெளியேற ஆரம்பிக்கும். உள்ள பார்ட்டி ஆரம்பமாயிடுச்சுன்னு அர்த்தம். பாக்டீரியா சேர்த்து வைச்ச சர்க்கரையை அவசரமா வெளியே கொட்டியாகணும். இல்லைன்னா தண்ணி உள்ளே புகுந்து வெடிச்சுடும். கொட்டினதை அடுத்தவன் தின்கிறான். வெயில்ல செத்துப்போனவங்க உடம்பும் சாப்பாடு. மண் கட்டிகள் உடைஞ்சு, உள்ளே இத்தனை நாளா ஒளிஞ்சிருந்த மக்கும் வெளியே வருது. இந்தக் கொண்டாட்டத்துல நைட்ரஜன் பயிர் எடுத்துக்கற வடிவத்துக்கு மாறி மண்ணுல சேருது. கென்யாவில வேலை பார்த்த பிர்ச்ங்கற விஞ்ஞானி 1950-கள்ல இதை ஆராய்ஞ்சு எழுதினார். அதனால இதுக்கு பிர்ச் விளைவுன்னே பேர்.

இப்போ திருக்குறள்ல உழவு அதிகாரத்தைத் திருப்புங்க. 1037-வது குறள். ஒரு பலம் புழுதி கால் பலமாகற வரைக்கும் மண்ணைக் காயவிட்டா, ஒரு பிடி எருகூட இல்லாம பயிர் விளையும்ங்கறார். 'அப்பவே வள்ளுவருக்கு பாக்டீரியா தெரியும்'னு ஃபார்வர்டு மெசேஜ் கிளப்பிடாதீங்க ப்ளீஸ்! அவருக்குத் தெரிஞ்சது வயல். காயவிட்ட நிலம் முதல் தண்ணிக்கு எப்படிக் கொழிக்கும்னு பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு அது. சித்திரை மாசத்து உழவு பத்தரை மாத்துத் தங்கம்னு தாத்தாக்கள் சொன்னதும் அதே அனுபவம்தான்.

ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பிர்ச் விளைவு சம்பளம் கிடையாது. சேமிப்புல இருந்து எடுக்கற பணம். காயறதும் நனையறதும் திரும்பத் திரும்ப நடந்தா ஒவ்வொரு தடவையும் மண்ணோட கார்பன் கொஞ்சம் காத்துல போகுது. யாராவது டெபாசிட் பண்ணிக்கிட்டே இருந்தாத்தான் அக்கவுன்ட் தாங்கும். வள்ளுவர் அடுத்த குறள்லயே உழறதை விட எரு போடறது நல்லதுன்னு சொல்லிடறார் பாருங்க. ஒரே ஒரு குறளை மட்டும் மனப்பாடம் பண்ணினா இன்டர்னல்ல பாஸ் ஆகலாம், விவசாயம் பண்ண முடியாது.

டெல்டா காலண்டர்

பருவம் மாறும்போது மண்ணுக்குள்ள ஆட்சியே எப்படிக் கவிழுதுன்னு பார்க்கணும்னா காவிரி டெல்டாவை விட நல்ல இடம் கிடைக்காது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் இருந்து வர்ற ஃப்ரெண்ட்ஸுக்கு மேலே நடக்கற கதை தெரியும். மேட்டூர்ல தண்ணி இருந்தா ஜூன் 12-ல் திறப்பாங்க. குறுவை, அப்புறம் தாளடி. இல்லைன்னா நேரா சம்பா. தைக்கப்புறம் உளுந்து, பயறு. பிறகு தரிசு. கீழே நடக்கறது இன்னும் பரபரப்பு.

வயல்ல தண்ணி கட்டினதும் முதல்ல போறது காத்து. தண்ணிக்குள்ள ஆக்ஸிஜன் ஊர்ற வேகம், காத்துல போறதை விட பத்தாயிரம் மடங்கு குறைச்சல். இருந்த கொஞ்சத்தையும் பாக்டீரியா ஒண்ணு ரெண்டு நாள்ல சுவாசிச்சுத் தீர்த்துடும். மேலாக்க சில மில்லி மீட்டர்ல மட்டும் ஆக்ஸிஜன் மிஞ்சும். அதுக்குக் கீழே எமர்ஜென்சி. ஆக்ஸிஜன் இல்லாட்டி மனுஷன் காலி. ஆனா மண் பாக்டீரியாக்கள்ல ஆக்ஸிஜனுக்கு பதிலா வேற எதையாவது வைச்சு சுவாசிக்கற ஆளுங்க வரிசையா நிக்கறாங்க. முதல்ல நைட்ரேட். அது தீர்ந்தா மாங்கனீஸ். அதுவும் தீர்ந்தா இரும்பு. அப்போதான் சேறு பழுப்பு நிறம் போய் சாம்பல் நீலமாகும். அடுத்து சல்பேட்; சில வயல்ல காலை வைச்சதும் அழுகின முட்டை நாத்தம் வருமே, அது இவங்க கைங்கர்யம். இது எல்லாம் காலியான பிறகு கடைசி பெஞ்ச்ல இருந்து எழுந்து வர்றாங்க மீத்தேன் தயாரிப்பாளர்கள்.

இவங்க பாக்டீரியாவே கிடையாது. ஆர்க்கியாங்கற தனி வம்சம். பூமியில ஆக்ஸிஜன் சேர்றதுக்கு முன்னாடியே குடி வந்த பரம்பரை. ஆக்ஸிஜன் பட்டா ஆகாது. ஆனா கோடையில வயல் வெடிச்சுக் கிடந்த அத்தனை மாசமும் சாகாம அதே மண்ணுல அடக்கி வாசிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க! தண்ணி நின்ன சில வாரங்கள்ல அவங்க ராஜ்ஜியம் ஆரம்பம். சேத்துல கால் அமுக்கும்போது புளுக் புளுக்னு வர்ற குமிழ்ல மீத்தேன் இருக்கு. ஆனா குமிழ் வழியா போறது கொஞ்சம்தான். பெரும்பங்கு நெற்பயிருக்குள்ளேயே பயணம் பண்ணி வெளியேறுது. வேருக்குக் காத்து கொண்டு போகறதுக்காக நெல் தன் தண்டுக்குள்ள குழாய் வைச்சிருக்கு. அதே குழாயில மீத்தேன் ரிட்டர்ன் டிக்கெட் வாங்கிக்குது. வேர் ஓரத்துல கசியற ஆக்ஸிஜனை வைச்சு அந்த மீத்தேனையே தின்கிற இன்னொரு பாக்டீரியா கூட்டமும் உண்டு. அவங்க மட்டும் இல்லைன்னா நிலைமை இன்னும் மோசம்.

மனுஷன் செய்யற வேலைகளால காத்துல கலக்கற மீத்தேன்ல நெல் வயல்களோட பங்கு சுமார் எட்டுல இருந்து பத்து சதவீதம். நூறு வருஷக் கணக்குப் பார்த்தா, கார்பன் டை ஆக்ஸைடை விட மீத்தேன் ஏறக்குறைய 27 மடங்கு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும். 'அப்போ சோறு சாப்பிடறதை நிறுத்தணுமா?'ன்னு பதறாதீங்க. வழி நம்ம ஊர்லயே இருக்கு. காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டறது. ஓட்டை போட்ட ஒரு பைப்பை வயல்ல ஊன்றி வைச்சுட்டு, தண்ணி மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டி மீட்டர் இறங்கற வரைக்கும் சும்மா இருந்துட்டு மறுபடி பாய்ச்சணும். பூப்பிடிக்கற சமயத்துல மட்டும் காயவிடக் கூடாது. நடுவுல மண்ணுக்குள்ள காத்து போனதும் மீத்தேன் கோஷ்டி அடங்கிடும். மூணுல ஒரு பங்கு முதல் பாதி வரைக்கும் மீத்தேன் குறையுது, தண்ணியும் மிச்சம். ஒரே சிக்கல், யூரியாவை அளவில்லாம கொட்டியிருந்தா, காய்ஞ்சு நனையற நேரத்துல நைட்ரஸ் ஆக்ஸைடுங்கற இன்னொரு வாயு கிளம்பும். அது மீத்தேனை விட முரட்டு ஆசாமி. அதனால உரக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும். கர்நாடகாவில இருந்து தண்ணி வருமா வராதான்னு காத்துக்கிட்டிருக்கற கடைமடை விவசாயிக்கு 'காயவிடு, திரும்பப் பாய்ச்சலாம்'னு சொல்றது சுலபம், நம்பிக் காயவிடறது கஷ்டம்ங்கறதையும் மறந்துடாதீங்க. மண்ணியலைவிட மதகுல எப்போ தண்ணி வரும்ங்கறதுதான் அங்க பெரிய கேள்வி.

தண்ணி நிக்கற வயல்ல எல்லாமே வில்லன்கள்னு நினைக்க வேண்டாம். மேலே மிதக்கற நீலப்பச்சைப் பாசி காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்குது. நம்ம நாட்டு விஞ்ஞானி பி.கே. டே 1939-லயே இதை எழுதிட்டார். அசோலா இலைக்குள்ளயும் அந்த இனத்துப் பாசிதான் வாடகை கொடுத்து குடியிருக்கு; வாடகை நைட்ரஜனா! பல நூறு வருஷமா அதே வயல்ல நெல் விளைஞ்சுக்கிட்டே இருக்கறதுல இவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிக்கற நெல்லுக்குள்ளயே உளுந்தைத் தெளிச்சு விடுவாங்க. மெழுகு பதத்துல இருக்கற ஈரம், அப்புறம் மார்கழி, தை மாசத்துப் பனி. அவ்வளவுதான் உளுந்துக்கு மூலதனம். இப்போ மண்ணுக்குள்ள காத்து திரும்பி வந்தாச்சு, ஆட்சி மாறியாச்சு. ரைசோபியம் வந்து வேர்ல முடிச்சு போடுது. ஒரு செடியைப் பிடுங்கி அந்த முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினோட ஒண்ணுவிட்ட தம்பிதான் அந்தச் சிவப்பு. பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா உள்ளே இருக்கறவங்க சும்மா உட்கார்ந்து சாப்பிடறாங்க. (எந்த ஹாஸ்டல் ரூம்லயும் ஒருத்தர் உண்டுதானே!)

அறுவடை மெஷின் வந்த பிறகு இந்தப் பழக்கத்துக்குச் சிக்கல். கனமான சக்கரம் முளைச்ச உளுந்தை நசுக்குது, ஈரமண்ணை அமுக்கி காத்துப் போற வழியையும் அடைச்சுடுது. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊர்ல மெஷின் வேண்டாம்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு போகம் உளுந்து போனா போறது ஒரு மூட்டை பருப்பு மட்டும் இல்லை, அந்த வருஷத்துக்கு மண்ணு வாங்க வேண்டிய நைட்ரஜன் ஸ்காலர்ஷிப்பும்தான்.

டெல்டாவுக்கு கோடைதான் லீவுன்னா, அமெரிக்காவின் கொலராடோ மலை உச்சிகள்ல கதை தலைகீழ். அங்கே பனிக்கட்டி மூடின மண்ணுல பனிக்காலக் கடைசியிலதான் நுண்ணுயிர் கூட்டம் உச்சத்துல இருக்குன்னு 2003-ல் கண்டுபிடிச்சாங்க. பனி கம்பளி மாதிரி போர்த்திக்குது. அடியில பூஞ்சைகள் பழைய இலையைத் தின்னு பெருகுது. வெயில் வந்து பனி உருகினதும் அந்தக் கூட்டம் சாயுது, அது விட்டுட்டுப்போற நைட்ரஜன்ல செடிகள் தளிர் விடுது. கூட்டத்தைப் பார்த்து சீசன் சொல்லிடலாம்னு கணக்குப் போடறவங்களுக்கு இது ஒரு அவுட் ஆஃப் சிலபஸ் கேள்வி.

எல்லா ஊர்லயும் அதே கடை

பருவம் வரும், போகும். நிலத்தை நாம என்ன பண்றோம்ங்கறது அப்படி இல்லை. காட்டை வெட்டி வயலாக்கினா மண்ணுக்குள்ள பாக்டீரியா வகை குறையும்னுதானே நினைப்பீங்க? பிரேசில்ல அமேசான் காட்டை அழிச்சு மேய்ச்சல் நிலமாக்கின இடத்துல மண்ணெடுத்துப் பார்த்தவங்களுக்கு அதிர்ச்சி. 2013-ல் வெளியான அந்த ஆய்வுல, ஒரு இடத்துல மட்டும் எண்ணிப் பார்த்தா மேய்ச்சல் நிலத்துல வகை கூடியிருந்தது! அட, அப்போ நல்லதுதானே? இல்லை. காட்டுக்குள்ள இங்கே ஒரு கூட்டம், கொஞ்ச தூரம் தள்ளி வேற கூட்டம்னு இடத்துக்கு இடம் மாறிக்கிட்டே இருந்தது. மேய்ச்சல் நிலத்துல எங்கே தோண்டினாலும் அதே கூட்டம். நம்ம பஜார் தெரு மாதிரின்னு வைச்சுக்குங்க. எந்த ஊருக்குப் போனாலும் அதே ஜவுளிக்கடை, அதே செல்போன் கடை, அதே பேக்கரி. ஒரு தெருவை மட்டும் பார்த்தா கடை நிறைய இருக்கும். ஆனா அந்த ஊர்ல மட்டும் கிடைச்ச பதார்த்தம் காணாமப் போயிருக்கும்.

இன்னொரு ஆச்சரியம், பாக்டீரியாவுக்கு மழைக்காடுதான் சொர்க்கம்ங்கறதும் இல்லை. வட, தென் அமெரிக்கா முழுக்க மண்ணெடுத்து 2006-ல் ஃபையரர், ஜாக்சன்ங்கற ரெண்டு பேர் ஒப்பிட்டாங்க. மழையை விட, வெயிலை விட, பாக்டீரியா வகைகளை முடிவு பண்றது மண்ணோட பி.ஹெச்.தான்னு தெரிஞ்சது. நடுநிலையான மண்ணுல வகை அதிகம். புளிச்ச மண்ணுல குறைவு. பெரு நாட்டு அமேசான் மண்ணு கடைசி ரேங்க்!

இதை நீலகிரிக்குப் பொருத்திப் பாருங்க. மழை கழுவிக் கழுவி அங்கே மண்ணு ஏற்கெனவே அமிலம். அதுல இருந்த சோலைக்காட்டையும் புல்வெளியையும் எடுத்துட்டு தேயிலை வைச்சாங்க. தேயிலைக்கு அமிலம் பிடிக்கும், சரி. ஆனா வருஷா வருஷம் போடற அம்மோனியா உரம் மண்ணை மேலும் புளிக்க வைக்கும். அங்கே பி.ஹெச். இறங்க இறங்க, வேலைக்கு ஆள் எடுக்கற லிஸ்டே மாறிப்போயிடுது. சுண்ணாம்பு போட்டு அதைச் சரிகட்டறது தேயிலைத் தோட்டக்காரங்களுக்குப் பழகின வேலை.

சரி, ஒரு நிலத்தை வருஷக்கணக்குல ஒரே மாதிரி நடத்தினா என்ன ஆகும்? இதுக்குப் பதில் சொல்ற ஒரு வயல் கோயம்புத்தூர்ல இருக்கு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல 1909-ல் ஆரம்பிச்ச நிரந்தர எருப் பரிசோதனை வயல். இங்கிலாந்துல 1843-ல் ரோத்தம்ஸ்டட் ஊர்ல ஆரம்பிச்ச கோதுமை வயல்தான் இதுக்கு முன்மாதிரி. பாத்தி பாத்தியா பிரிச்சு, ஒண்ணுக்கு எதுவுமே கிடையாது, ஒண்ணுக்கு நைட்ரஜன் மட்டும், ஒண்ணுக்கு தழை, மணி, சாம்பல் மூணு சத்தும், ஒண்ணுக்குத் தொழுவுரம்னு தலைமுறை தலைமுறையா போட்டுக்கிட்டு வர்றாங்க. வெள்ளைக்காரன் போனான், எத்தனையோ துணைவேந்தர்கள் மாறினாங்க, பாத்திக்குப் போடற அயிட்டம் மாறலை. தொழுவுரம் வாங்கின பாத்தியில கரிமச்சத்தும் நுண்ணுயிரும் மேலே. ஒண்ணுமே வாங்காத பாத்தி சோகையா நிக்குது. ரசாயன உரம்னாலே மண்ணு செத்துடும்னு ஒரேயடியா சொல்ற கோஷ்டியும் இதைக் கவனிக்கணும். மூணு சத்தையும் அளவா வாங்கின பாத்தி, ஒண்ணுமே வாங்காததை விட மேல்தான். பயிர் நல்லா வளர்ந்தா வேர் நிறைய, வேர் நிறைய இருந்தா பாக்டீரியாவுக்கு மெஸ் சாப்பாடு நிறைய. ஆபத்து உரத்துல மட்டும் இல்லை. கரிமத்தைத் திரும்பக் கொடுக்காம எடுத்துக்கிட்டே இருக்கறதுலதான்.

நூறு வருஷமா ஒண்ணுமே போடாத பாத்தியில கூட இன்னும் ஏதோ விளையுதுன்னா, அதுக்குக் காரணம் அந்த மேல்மண்ணு அங்கேயே இருக்கறது. மண்ணோட உயிர்ல பெரும்பாதி மேலே ஒரு சாண் ஆழத்துக்குள்ளதான். அதையே லாரியில ஏத்திட்டா எந்த எரு போட்டும் பிரயோஜனம் இல்லை. செங்கல் சூளைக்கும் பிளாட் மேடாக்கறதுக்கும் போறது அதுதான். கோவை பக்கத்துல தடாகம் பள்ளத்தாக்குல செம்மண்ணை ஆழமா வெட்டி எடுத்துக்கிட்டிருந்த, அனுமதி இல்லாத சூளைகள் 2021-ல் மூடப்பட்டப்போ பேப்பர்ல படிச்சிருப்பீங்க. வெட்டின குழி இன்னும் குழிதான். ஓரங்குல மண்ணு உருவாக நூற்றாண்டுக் கணக்குல ஆகும். 'சும்மா கிடக்கற நிலம்தானே, மேலாக்க ஒரு அடி எடுத்துக்கறோம்'னு உங்க அப்பாகிட்ட எவனாவது விலை பேச வந்தா, என்ன விற்கப்போறோம்னு நீங்கதான் அவருக்குச் சொல்லணும்.

பாட்டில்ல ஒரு பிர்ச்

இதெல்லாம் நிஜம்தானான்னு சந்தேகப்படற சயின்ஸ் ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட். சுண்ணாம்பைத் தண்ணியில கரைச்சு, தெளிஞ்ச பிறகு மேல்தண்ணியை மட்டும் எடுத்துக்குங்க. (கண்ணுல படக்கூடாது, ஜாக்கிரதை.) வாய் அகலமான மூணு பாட்டில். முதல்ல கோடையில காய்ஞ்ச மண்ணு ரெண்டு கைப்பிடி. ரெண்டாவதுல அதே மண்ணை நனைச்சு. மூணாவதுல மண்ணே இல்லை. ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டி மூடியில தெளிவை வைச்சு, பாட்டிலை இறுக்கி மூடிடுங்க. மறுநாள் பார்த்தா நனைஞ்ச பாட்டில்ல தெளிவு மேலே வெள்ளைப் படலம் கட்டியிருக்கும். நீங்க தூங்கின நேரத்துல கோடிக்கணக்குல மூச்சு விட்டிருக்காங்க.

சுவிட்சர்லாந்து ஸ்டைல்ல செய்யணும்னா பழைய காட்டன் பனியன் போதும், ஜட்டிதான் வேணும்னு கட்டாயம் இல்லை. ஒரே அளவுல வெட்டி, எடை போட்டுக் குறிச்சுக்கிட்டு, கிரவுண்ட், வேப்ப மரத்தடி, கேன்டீன் பின்பக்கம்னு ஒரு சாண் ஆழத்துல புதைச்சு வைங்க. நம்ம ஊர்ல சுவிட்சர்லாந்துல இல்லாத ஒரு போட்டியாளர் உண்டு. கரையான். ஒரே ராத்திரியில மொத்தத்தையும் முடிச்சுட்டு கணக்கைக் கெடுத்துடும். அதனால நைலான் கொசுவலைத் துணிப் பைக்குள்ள போட்டுப் புதைங்க. மார்ச்சுல ஒரு செட், அக்டோபர்ல ஒரு செட் வைச்சா பருவ வித்தியாசமும் சேர்ந்து கிடைக்கும். ரெண்டு மாசம் கழிச்சு எடுத்து, மண்ணைக் கழுவி, காயவைச்சு எடை போடுங்க. மினி புராஜெக்ட் ரெடி!

அப்புறம் ஒரு விஷயம். பல கேம்பஸ்ல காலையில ஏழு மணிக்கு வேப்ப இலை, வாகை இலை எல்லாத்தையும் கூட்டிக் குவிச்சுத் தீ வைக்கறாங்க. அந்த மரத்தடி மண்ணுக்கு வர வேண்டிய மெஸ் சாப்பாட்டை மூடறது அது. தோட்டக்கார அண்ணனைக் குறை சொல்ல வேண்டாம், 'கேம்பஸ் கிளீனா இருக்கணும்'னு அவருக்குத்தான் ஆர்டர். என்.எஸ்.எஸ். கோ-ஆர்டினேட்டரைப் பிடிங்க. மூணடி ஆழம், ஆறடி நீளத்துல ஒரு குழிக்கு பர்மிஷன் வாங்குங்க. காய்ஞ்ச இலையில கரிமம் ரொம்ப அதிகம், நைட்ரஜன் கம்மி. அதனால ஒரு அடுக்கு இலை, அதுமேல சாணிக் கரைசலோ வெட்டின பச்சைப் புல்லோன்னு மாத்தி மாத்திப் போடணும். ஈரம் பிழிஞ்ச துணி அளவுக்கு இருக்கணும், சொட்டக் கூடாது. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கிளறிவிடணும். ஒரு வாரம் கழிச்சு குவியலுக்குள்ள கையை விட்டுப் பாருங்க, சூடா இருக்கும். சூடு இல்லைன்னா சாணி பத்தலை, இல்லாட்டி ஈரம் பத்தலை. ஜூன்ல காலேஜ் திறந்ததும் குழி போட்டா, செமஸ்டர் எக்ஸாமுக்கு முன்னாடி எரு ரெடியாயிடும்.